பக்கத்துலதானே இருக்கு?

போகாத ஊருக்கு வழி தேடுறவன்னு வீட்டில் எனக்கு ஒரு பேர் உண்டு. டோப்போ மேப் பைத்தியம், வேறென்ன!

நண்பர் ஒருத்தர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், ஸ்டீன்ஸ் மலை உச்சியிலிருந்து கிழக்கே ஆல்வோர்ட் பாலைவனத்துக்கு நடந்தே இறங்கப் போறதாச் சொன்னார். "போன்ல பார்த்தேன், பக்கத்துலதானே இருக்கு?"ன்னார். எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு.

யு.எஸ்.ஜி.எஸ். வரைபடத்தை விரிச்சேன். 1:24,000 அளவு. மலையின் கிழக்குப் பக்கம் சமஉயரக் கோடுகள் வாரி விட்ட தலைமுடி மாதிரி நெருக்கியடிச்சுக் கிடக்கு. உச்சி 9,733 அடி, பாலைவனம் சுமார் 4,000 அடி. மேற்கே பாருங்க, அதே கோடுகள் சாவகாசமா விலகிப் போகுது. ஒரு பக்கம் தூக்கி வச்ச பலகை மாதிரியான மலை. நிலப்பிளவில் எழும்பினது அப்படித்தான் இருக்கும். மேற்கு நோக்கிப் போற மழைத்தண்ணி ஆறா ஓடி மால்ஹியூர் ஏரியில் முடியுது. கடலுக்குப் போறதே இல்லை! கிழக்கே விட்டு விட்டுப் போட்ட நீலக்கோடுகள் உப்புத் தரையைத் தொடுறதுக்குள்ள காணாமப் போயிடுது. மேற்கிலிருந்து வர்ற மேகத்தை மலையே பிடிச்சு வச்சுக்குது. ஆல்வோர்டுக்கு வருஷத்துக்கு ஏழு அங்குலம் போலத்தான் மழை.

ஜிபிஎஸ் நீங்க எங்கே நிக்கறீங்கன்னு சொல்லும். நடுவில் என்ன இருக்குன்னு நீங்கதான் படிக்கணும். அதுக்கும் எச்சரிக்கை வேணும். கோட்டுக்குக் கோடு 40 அடின்னா, 30 அடிப் பாறைச்சுவர் ரெண்டு கோட்டுக்கு நடுவே ஒளிஞ்சிருக்கலாம்.

என்னைக் கேட்டா பழைய வரைபடத்தையும் கூட வச்சுக்கணும். 2009-லிருந்து வர்ற 'யுஎஸ் டோப்போ' தரவுத்தளத்திலிருந்து கணினி போடுறது. பழசு, ஆள் நேரில் போய்ச் சரிபார்த்தது. காற்றாலைக் கிணறு, சுரங்கக்குழி எல்லாம் குறிச்சிருப்பாங்க. டோப்போவியூ தளத்தில் இலவசமாவே கிடைக்குது. ஆனா அதில் இருக்கிற ஊற்று, அளந்த வருஷத்து சேதி. இன்னிக்கும் தண்ணி இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கலை. அதை நம்பி பாட்டிலைக் குறைச்சா அவ்வளவுதான்.

நண்பர் இப்போ மேற்குப் பக்கமா காரில் ஏறி, உச்சியில் நின்னு எட்டிப் பார்த்துட்டுத் திரும்பறதா முடிவு பண்ணியிருக்கார். எத்தனை கேன் தண்ணின்னுதான் இன்னும் சண்டை ஓடிட்டிருக்கு.