கடித ஓரத்துப் படங்களைக் காப்போம்

போர் வரலாற்றில் பெங்களூரின் பெயர் ஒரு வெடிபொருளின் வழியாகத்தான் பதிந்திருக்கிறது. நீண்ட குழாயில் மருந்தடைத்து முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை 1912இல் இங்கே உருவாக்கியவர் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கேப்டன் மெக்ளின்டாக். 1944இல் நார்மண்டி கடற்கரை வரை அது போனது. அதே படையில் சேர்ந்து மெசபடோமியாவுக்கும், பிறகு இத்தாலிக்கும் பர்மாவுக்கும் போன தமிழ்ச் சிப்பாய்கள் வீட்டுக்கு என்ன எழுதினார்கள், கடித ஓரத்தில் என்ன வரைந்தார்கள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினர். பிரான்சில் இருந்தவர்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, தேவையென்று நினைத்த பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையாக மேலிடத்துக்கு அனுப்பினர். அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து டேவிட் ஒமிசி 1999இல் ஒரு நூல் தொகுத்தார். அதில் பெரும்பாலும் பஞ்சாப் உள்ளிட்ட வட இந்தியச் சிப்பாய்களின் குரல்தான் ஒலிக்கிறது.

அந்த அறிக்கைகள் இல்லையென்றால் இந்த அளவுக்குக்கூட நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவை சிப்பாயின் கடிதங்கள் அல்ல. படையில் மனக்கசப்பு இருக்கிறதா, ராஜ விசுவாசம் குறைகிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த குறிப்புகள். மகளுக்காகத் தகப்பன் வரைந்த கோவேறு கழுதையும் கூடாரமும் அதிகாரிக்கு எதற்கு? மொழிபெயர்ப்பில் படம் வராது. அன்றைய சிப்பாய்களில் பலர் எழுதத் தெரிந்த இன்னொருவரிடம் சொல்லித்தான் கடிதம் எழுதினார்கள். அப்படிப்பட்ட கடிதத்தில் ஒரு கிறுக்கல் படம் இருந்தால், அந்தத் தாளில் அவருடைய சொந்தக் கை பட்ட ஒரே இடம் அதுவாகவே இருக்கலாம். அசல் தாள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1941இல் தொடங்கிய 'ஏர்கிராஃப்' முறையில், சிப்பாய் எழுதிய படிவத்தை நுண்படச் சுருளில் படமெடுத்து விமானத்தில் அனுப்பினார்கள். சுமார் 23 கிலோ எடையுள்ள 1,600 கடிதங்கள் 150 கிராம் சுருளில் அடங்கின. போய்ச்சேரும் நாட்டில் அதைச் சிறிய புகைப்படத் தாளாக அச்சிட்டு வீட்டில் கொடுப்பார்கள். கேமராவுக்கு எழுத்தும் ஒன்றுதான், சித்திரமும் ஒன்றுதான் என்பதால் பண்டிகை வாழ்த்துகளைப் படமாகவே வரைந்து அனுப்பியவர்கள் உண்டு. சுருள் பத்திரமாகச் சேர்ந்ததும் மூலப் படிவங்களை அழித்துவிட்டார்கள். ஆகவே வீட்டில் கிடக்கும் அந்த உள்ளங்கை அளவு அச்சுதான் இன்று மூலம்.

ஒரு குடும்பம் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வங்காளத்தில் முன்னுதாரணம் உண்டு. ராணுவ மருத்துவரான கல்யாண் முகர்ஜி மெசபடோமியாவின் கூட் நகர முற்றுகையில் சிக்கி, துருக்கியரின் கைதியாக 1917இல் இறந்தார். அவர் தாய்க்கு எழுதிய கடிதங்களைக் கொண்டு, எண்பது வயதை எட்டிய பாட்டி மோட்சதா தேவி 1928இல் 'கல்யாண் பிரதீப்' என்ற நூலை வெளியிட்டார். மெசபடோமியப் போர் குறித்து ஆராய்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். எந்த அரசும் கேட்டு அந்தப் பாட்டி இதைச் செய்யவில்லை.

நம் கவனமோ கடைசிக் கடிதங்களிலேயே நின்றுவிடுகிறது. கார்கிலில் 1999இல் உயிர்நீத்த கேப்டன் விஜயந்த் தாப்பரின் கடிதத்தை நாடே படித்தது, படிக்க வேண்டியதுதான். ஆனால் உயிரோடு திரும்பியவரின் சாதாரணக் கடிதமும், அதிலுள்ள சமையல் கூடாரச் சித்திரமும், பனிமலைக் கோடுகளும் வரலாறு இல்லையா? வீரமரணம் அடைந்தவரின் எழுத்துக்கு மட்டும் மதிப்புத் தருவது, பிழைத்து வந்த ஆயிரக்கணக்கானவர்களின் போரை மறந்துவிடுவதற்குச் சமம்.

காப்பாற்றப் பெரிய செலவு ஆகாது. லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தாளை நிரந்தரமாகக் கெடுக்கும். செல்லோடேப்பும் இரும்புப் பின்னும் கூடாது. மடிப்பைப் பிரித்து, அமிலமில்லாத தாள் உறையில் வைத்து, வெயிலும் ஈரமும் ராமபாணப்பூச்சியும் அண்டாத அலமாரியில் வைத்தால் போதும். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்ய வேண்டும். உறையை எறியக் கூடாது: களத் தபால் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அதில்தான் இருக்கும்.

பகிர்வதில்தான் தயக்கம் வருகிறது, நியாயமான தயக்கம். கடிதத்தில் கடன் இருக்கும், குடும்பச் சண்டை இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி தாள் பெற்றவருக்குச் சொந்தமானாலும், எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். எனவே எதை வெளியிடலாம் என்று குடும்பமே முடிவு செய்யட்டும். அசலைப் பிரியாமலும் பகிர முடியும்: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2008இல் பொதுமக்களிடமிருந்து 6,500க்கும் மேற்பட்ட முதல் உலகப் போர்க்காலப் பொருள்களின் டிஜிட்டல் பிரதிகளைத் திரட்டியது. பிறகு ஐரோப்பிய டிஜிட்டல் காப்பகமான 'யூரோப்பியானா'வின் திட்டம் ஊர் ஊராக முகாம் நடத்தி, ஸ்கேன் செய்தவுடன் அசலை உரியவர் கையிலேயே திருப்பித் தந்தது.

அப்படியொரு முகாமை அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சேப்பர்ஸ் மையமும் கர்நாடக ஆவணக் காப்பகமும் சேர்ந்து நடத்த வேண்டும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமும் கைகோக்க வேண்டும். அந்தப் படையினர் பலரின் வீடுகள் தமிழ்நாட்டில்தான்: ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், இத்தாலியில் கண்ணிவெடிமேல் பாய்ந்து தோழர்களைக் காத்த சேப்பர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்தான். இதைத் தள்ளிப்போடவும் முடியாது: பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்தால், எழுதியவர் யார், யாருக்கு, எந்த ஆண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, தனித் தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.