நோயர் மொழியில் தேர்வு வேண்டும்

மருத்துவ மாணவர் நூலை ஒப்பித்தால் போதாது. செய்து காட்டித் தேறல் வேண்டும் என்பதே 2019-இல் இந்திய மருத்துவக் கல்வியிற் புகுந்த திறனடிப்படைப் பாடமுறை. நோயரிடம் உரையாடுதலும் அதில் ஒரு திறன். தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழி கற்பித்தலும் உண்டு. நன்று! ஆயினும், மதிப்பெண் இல்லாத பாடத்தை மாணவர் பொருட்படுத்துவரோ?

திருச்செங்கோட்டு விசைத்தறித் தொழிலாளி 'நெஞ்சு கரிக்கிறது' என்பார். எங்கே, எவ்வளவு நேரம், தோளுக்கும் பரவுகிறதா என அவர்தம் சொல்லிலேயே உசாவ அறியாத மருத்துவர், மாரடைப்பைச் செரியாமையென விட்டுவிடக் கூடும்.

தமிழில் மருத்துவம் கற்பித்தல் புதிதன்று. அமெரிக்கரான சாமுவேல் கிரீன் 1848-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பயிற்சி தொடங்கினார். பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவையும் வேதியியலும் தமிழ் நூல்களாயின. அயலவர் ஆற்றியது நமக்கு அரிதோ?

நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்கும் தமிழகத்தின் பிற கல்லூரிகளிலும் செய்முறைத் தேர்வின் ஒரு பகுதி தமிழில் நடத்தப்பெறுக! நோயைக் கேட்டறிதல், மருந்துண்ணும் முறையை விளக்குதல், அறுவைக்கு ஒப்புதல் பெறுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்குக! விளங்கியதை நோயரே திருப்பிச் சொன்னாலன்றி மதிப்பெண் வழங்கலாகாது.

தமிழ்மக்களே! இஃது உங்கள் உயிர்க்குரிய கோரிக்கை; உரக்க எழுப்புங்கள்!