வெளியே போவதா எதிர்ப்பு?

ஆட்சியில் இருப்பவர் அளவு மீறி அதிகாரம் செலுத்தினால் எதிர்க்கட்சியார் என்ன செய்ய வேண்டும்? "சபையை விட்டு வெளிநடப்புச் செய்தோம், கண்டன அறிக்கை விட்டோம்" என்று பெருமையடித்துக் கொள்ளுகிறவர்களே அதிகம். இதனால் அந்த அதிகாரிக்கு என்ன நஷ்டம்? "தொல்லை ஒழிந்தது" என்று அவர் சந்தோஷப்படுவதைத் தவிர வேறு என்ன காண்கிறோம்?

தென் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். 2024 டிசம்பர் 3ந் தேதி இரவு 10 மணிக்கு மேல் ஜனாதிபதி யூன் சுக் இயோல் டெலிவிஷனில் தோன்றி இராணுவச் சட்டம் பிரகடனம் செய்தார். அன்னியப் படையெடுப்பா? இல்லை. கலகமா? அதுவும் இல்லை. பார்லிமெண்டில் மெஜாரிட்டியாய் இருந்த எதிர்க்கட்சியார் பட்ஜெட்டை வெட்டினார்கள், அதிகாரிகள் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் கொண்டு வந்தார்கள் என்கிற ஆத்திரந்தான். பார்லிமெண்டும் கட்சிகளும் இயங்கக் கூடாது, பத்திரிகைகள் பட்டாளத்திற்கு அடங்க வேண்டும் என்று உத்திரவும் பிறந்தது. 1980ல் இதே இராணுவச் சட்டத்தின் கீழ் குவாங்ஜு நகரில் ஜனங்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை மறவாத தேசம் அது.

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 77வது பிரிவில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பார்லிமெண்டின் மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டால் ஜனாதிபதி இராணுவச் சட்டத்தை எடுத்தே தீர வேண்டும். அதாவது 300 பேரில் 151 பேர் உள்ளே இருந்து ஓட்டுக் கொடுக்க வேண்டும். வாசலிலோ போலீஸ்! எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங் பொதுமக்களைப் பார்லிமெண்டுக்கு வரும்படி அழைத்துக் கொண்டே போய் மதில் ஏறிக் குதித்தார். 67 வயதுள்ள சபாநாயகரும் மதில் ஏறினார். சிப்பாய்கள் ஜன்னலை உடைத்து நுழைய, சிப்பந்திகள் மேஜை நாற்காலிகளை அடுக்கி வழி மறித்தார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அங்கத்தினர்கள் கூச்சலிட்டும், தீர்மானம் முறைப்படி வந்த பிறகே சபாநாயகர் அதை ஓட்டுக்கு விட்டார். சுமார் 1 மணிக்கு 190 பேர் ஓட்டளித்தனர். எதிர் ஓட்டு ஒன்று கூட இல்லை. அந்த 190ல் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியார் 18 பேர்! விடியுமுன் ஜனாதிபதி பணிந்தார்.

பிறகு டிசம்பர் 7ந் தேதி அவரை விலக்கும் தீர்மானம் வந்தது. அதற்கு 200 ஓட்டு வேண்டும். இம்முறை வெளிநடப்புச் செய்தவர்கள் யார் தெரியுமா? ஆளுங்கட்சியார்! 195 பேர்தான் ஓட்டளித்தார்கள். ஓட்டுகள் எண்ணப்படாமலே தீர்மானம் வீழ்ந்தது. வெளிநடப்பு யாரைக் காப்பாற்றிற்று என்பதைக் கவனியுங்கள். எதிர்க்கட்சியார் சோர்ந்து விடாமல் மறுபடியும் கொண்டு வந்து, 14ந் தேதி 204 ஓட்டுப் பெற்றார்கள். 2025 ஏப்ரல் 4ந் தேதி அரசியல் சட்ட நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஏகமனதாய் அவரைப் பதவியை விட்டு நீக்கினார்கள்.

"அவர்களுக்கு மெஜாரிட்டி இருந்தது; எங்களுக்கு இல்லையே" என்பீர்கள். அவர்கள் பக்கத்திலும் 192 பேர்தான். 200க்கு 8 பேர் குறைவு. எதிர்ப் பக்கத்தில் மனச்சாட்சி உள்ளவர்கள் வந்ததால்தான் காரியம் முடிந்தது. சிறு கட்சியானாலும் சட்டத்தின் பிரிவைத் தெரிந்து கொண்டு, இடத்தை விட்டு எழாமல், ஓட்டைப் பதிவு செய்து, நீதிமன்றத்துக்கும் ஜனங்களிடமும் போகலாம் அல்லவா? எதிரணியாரை எல்லாம் துரோகிகள் என்று ஏசிவிட்டு அவர்களிடம் ஓட்டுக் கேட்க முடியுமா?

இன்னொன்று. அதே நீதிமன்றம், பார்லிமெண்டும் சிறுபான்மையோரின் கருத்தை மதித்துப் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. 2025 ஜூனில் லீ ஜே மியுங்கே ஜனாதிபதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று மதில் ஏறியது எந்த முறைக்காகவோ, அந்த முறை அவரையும் கட்டுப்படுத்த வேண்டும். எதிரி செய்தால் அக்கிரமம், நம் ஆள் செய்தால் நிர்வாகத் திறமை என்று சொல்லுகிற கட்சி எதிர்க்கட்சியாகாது; தன் முறை வருவதற்குக் காத்திருக்கும் கூட்டமேயாகும். இப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்க வந்தால், "அன்று சபையில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள்.