கேம்ஷாஃப்ட் மாற்றப் போகும் தம்பிகளுக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சந்தாபுரா தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் தமது பழைய 350 சி.சி. புல்லட்டை என் வாசலில் நிறுத்தி, ஒரு காகிதத்தை நீட்டினார். "சார், இந்த கேம் போட்டால் பவர் நன்றாக ஏறுமாம். போடலாமா?" என்றார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் பிள்ளை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைச் செலவழிக்க வந்திருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சினின் வாயிற்காவலன். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயரம் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதன் மேட்டின் வடிவத்தை மாற்றினால் எஞ்சினின் குணமே மாறிவிடும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம். இரண்டாவது டியூரேஷன், அதாவது கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும் வரை வால்வு திறந்திருக்கிறது என்ற கணக்கு. இன்லெட் வால்வு பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 30 டிகிரி முன்பே திறந்து, அடிக்குப் போன பின் 60 டிகிரி கழித்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30, 180, 60 மூன்றையும் கூட்டினால் 270 டிகிரி. மூன்றாவது ஓவர்லாப். எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குப் பிறகு 35 டிகிரியில் மூடினால், இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 30 கூட்டல் 35, ஆக 65 டிகிரி.

டியூரேஷன் கூடினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது சிலிண்டர் நன்றாக நிரம்பும்; உண்மைதான். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் திறந்தே இருப்பதால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். கீழ்ச்சுற்றில் இழுவை குறையும். ஓவர்லாப் அதிகமானால் ஐடிலிங் தடுமாறும், பெட்ரோலும் வீணாகும்.

"ரயில் எஞ்சினில் ஓவர்லாப் அதிகம் வைத்தார்களாமே சார்?" என்று அவர் மடக்கினார். நல்ல கேள்வி. கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் நான் பார்த்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள் 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் கொண்டவை. டீசலை மிச்சப்படுத்த அவற்றின் ஓவர்லாப்பைச் சுமார் 123 டிகிரியிலிருந்து 140 டிகிரியாக உயர்த்தினார்கள். அங்கே டர்போ காற்றை அழுத்தித் தள்ளுகிறது. அந்தக் காற்று மிச்சப் புகையை வெளியேற்றி, வால்வையும் குளிர்விக்கிறது. அதிலும் கேம்ஷாஃப்டை மட்டும் மாற்றிவிடவில்லை. எரிபொருள் பம்ப், டர்போ, ஆஃப்டர்கூலர் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். டர்போ இல்லாத புல்லட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்.

தம்பி கொண்டுவந்த காகிதத்தில் 'டியூரேஷன் 290' என்று மட்டுமே இருந்தது. வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து அளந்ததா, ஒரு மில்லிமீட்டர் உயர்ந்த பிறகு அளந்ததா என்ற விவரம் இல்லை. ஒரே கேமை இரண்டு விதமாக அளந்தால் முப்பது, நாற்பது டிகிரி வித்தியாசம் வரக்கூடும். லிஃப்ட் கேமில் அளந்ததா, வால்வில் அளந்ததா என்பதும் இல்லை. இவ்விவரங்களைத் தராத கடையில் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லிஃப்ட் கூடினால் வால்வு பிஸ்டனில் மோதலாம், ஸ்பிரிங் முழுதும் நெருங்கி இறுகிவிடலாம். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி இடைவெளி பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடுவதால், கேம் மாறினால் அந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும். புகை விதியும் குறுக்கே நிற்கும்.

கடைசியாக நான் ஒன்றைக் கேட்டேன். "தம்பி, இந்த வண்டியில் எங்கே போகிறீர்கள்?" தினமும் ஓசூர் ரோடு நெரிசலில் வேலைக்கு, மாதம் இருமுறை அம்மாவைப் பார்க்க ஊருக்கு, திரும்பும்போது பின்னால் ஒரு மூட்டை அரிசி. இத்தனைக்கும் வேண்டியது கீழ்ச்சுற்று இழுவை. அந்த கேம் அதைத்தான் பறித்துக்கொள்ளும். பந்தயத் திடலில் ஓட்டுபவருக்கு அதே கேம் நல்லதாக இருக்கலாம். கேமில் நல்லது, கெட்டது என்று இல்லை. நம் ஓட்டத்துக்குப் பொருந்துவது, பொருந்தாதது என்றுதான் உண்டு.

அவர் முகம் சற்று வாடிவிட்டது. பிறகு இருவரும் உட்கார்ந்து டாப்பெட் இடைவெளி சரிசெய்து, கார்பரேட்டரைக் கழுவி, இக்னிஷன் டைமிங் பார்த்தோம். பாதி நோய் அதிலேயே தீர்ந்தது. வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போனார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எஞ்சினைப் பிரிக்க ஆசைப்பட்டால் திட்டாதீர்கள். அந்த ஆசையில்தான் நானும் டிப்ளமோ படித்தேன். பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படித்து விளக்கத் தெரிந்த பிள்ளை ஏமாற மாட்டான்.