அரசமூலம் கேட்போம்

நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். நல்ல வேளையாக அந்தப் பட்டியலில் அரசமூலத்தை அவர்கள் சேர்க்கவில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவுகளின் தலைமைக் குடும்பமாகிய தகோம்பாவ் வம்சத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி ஒன்றே: வம்சம் என்பது பிறப்பால் வருவதா, வெற்றிக்குப் பின் எழுதப்படுவதா?

விடிலெவு என்னும் பெருந்தீவின் கிழக்குக் கரையோரம் பாவ் என்றொரு சிறு தீவு உண்டு. பரப்பளவு ஏறத்தாழ 20 ஏக்கர்தான். அங்கே இரண்டு தலைமைகள் இருந்தன. ஒருவர் ரோகோ துய் பாவ். தெய்வத்தன்மை உடையவராக மதிக்கப்பட்ட மன்னர். மற்றவர் வுனிவலு, போர்த் தலைவர். 'போரின் வேர்' என்பது அச்சொல்லின் பொருள். துய் கம்பா குலத்துக்கு உரியது இந்த இரண்டாம் பதவியே. இரண்டாமிடத்தில் இருந்த குலம் முதலிடத்துக்கு வந்தது எப்படி?

நான் வேதியியல் மாணவன். ஒரு வினை நிகழ்ந்தால், எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்தன என்று பார்ப்பது எங்கள் பழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த உயர்வில் குருதியைவிட வேறு பொருள்களே மிகுதி. 1808-இல் எலைசா என்னும் கப்பல் பிஜிக் கடலில் உடைந்தது. அதிலிருந்து தப்பிய சார்லி சாவேஜ் என்பவர் துப்பாக்கியுடன் வந்து வுனிவலு நவுலிவோவிடம் சேர்ந்தார். ஈட்டியும் கதாயுதமும் ஏந்தியவர்களுக்கு நடுவில் துப்பாக்கி முழங்கியது. பாவின் புகழ் பரவியது!

நவுலிவோவுக்குப் பின் அவர் தம்பி தனோவா பட்டத்துக்கு வந்தார். 1832-இல் கலகக்காரர்கள் அவரைத் துரத்திவிட்டார்கள். அவருடைய மகன் செரு அப்போது இளைஞர். தீவிலேயே தங்கிய அவர், லசகாவ் என்னும் மீனவக் குலத்தாரை மெல்ல மெல்லத் தம் பக்கம் சேர்த்து, 1837-இல் கலகக்காரர்களை வீழ்த்தித் தந்தையை மீண்டும் அமர்த்தினார். அந்தச் செருவே தகோம்பாவ். 'பாவை அழித்தவன்' என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1852-இல் தந்தை இறந்ததும் அவர் வுனிவலு ஆனார். 1854-இல் கிறிஸ்தவம் தழுவினார். 1855-இல் கம்பா போரில் எதிரிகள் சூழ்ந்து நின்றபோது, தோங்கா நாட்டு மன்னர் ஜார்ஜ் துபோவின் படை வந்து அவரைக் காத்தது.

ஆக, கடலில் வந்த துப்பாக்கி, உள்ளூர் மீனவரின் துணை, புதிய சமயம், அண்டை நாட்டுப் படை. இவை நான்கும் இல்லையேல், 1871-இல் லெவுகா நகரில் 'பிஜியின் மன்னர்' என்று தகோம்பாவ் முடிசூடியிருப்பாரா?

பழம்பெருமையின் கதையும் இப்படித்தான். பிஜி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து படகேறி வந்தார்கள் என்றொரு வரலாறு அங்கே வழங்குகிறது. அது தொன்றுதொட்டு வந்த மரபன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மிஷன் பள்ளிகளின் காலத்தில் உருவானது என்று பீட்டர் பிரான்ஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். பெருமை வந்தபின் முன்னோர்களும் வந்து சேர்கிறார்கள்!

இதனால் தகோம்பாவைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அமெரிக்கரின் கடன் கோரிக்கையும், தோங்கா இளவரசர் மாஃபுவின் போட்டியும், வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் பூசலும் நெருக்க, 1874 அக்டோபர் 10-ஆம் நாள் அவரும் பிற தலைவர்களும் நாட்டை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். தம் போர்க் கதாயுதத்தை விக்டோரியா அரசிக்கே அனுப்பிவைத்தார் அவர். முதல் கவர்னராக அமர்ந்த ஆர்தர் கார்டன், பிஜி மக்களின் நிலம் விலைபோகாமல் காத்தார். தலைவர்களின் பெருமன்றமும் அவர் காலத்திலேயே தோன்றியது. 2012-இல் கலைக்கப்பட்ட அம்மன்றம், 2023-இல் உயிர்பெற்று அதே பாவ் தீவில் கூடியது. தகோம்பாவின் கொள்ளுப்பேரர் ஜார்ஜ் தகோம்பாவ் 1973 முதல் 1983 வரை சுதந்திர பிஜியின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். ஒரு வம்சம் நிலைத்தது. அதன் நிழலில் ஒரு மக்களின் மண்ணும் நிலைத்தது. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்த மண்ணில் உழைத்தவர் யார்? பிஜியரைக் கிராமத்திலிருந்து பிரித்துத் தோட்டவேலைக்கு அனுப்ப விரும்பாத கார்டன், கூலிகளை இந்தியாவிலிருந்து வரவழைத்தார். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. பாரதியார் பாடிக் கண்ணீர் வடித்தது அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகத்தான். தலைவரின் வம்சாவளியைப் பாட அங்கே ஆளிருந்தது. கூலியின் வம்சாவளியோ ஒற்றைத் தாளில் அடங்கியது: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன்மார் தம் ஊரைத் தேடும்போது கையிலிருக்கும் ஆதாரம் அந்த எமிகிரேஷன் பாஸ் ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டனுக்கு முந்திய பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. நம் வகுப்புகளில் என்னைப் போன்றவர் பலர். மன்னர் பரம்பரையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நாம், சொந்தப் பாட்டியின் தகப்பன் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வம்சத்தைப் பற்றி யார் பெருமை பேசினாலும், 'எந்தத் துப்பாக்கி, எந்த மீனவர், எந்தப் படை?' என்று கேளுங்கள். வரும் விடுமுறையில் வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து, பெயர், ஊர், செய்த தொழில், பட்ட கடன், பிழைக்கப் போன இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வரலாற்றுத் துறை ஆசிரியப் பெருமக்கள் அவற்றைத் தொகுத்து நூலகத்தில் வைக்க உதவ வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் நம் கையால் எழுதவேண்டிய முதல் வரலாறு அதுவே.