கிழட்டு வண்டியைத் திட்டாதீர்கள்!

முகூர்த்த நாள் நெருங்கினால், பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சீபுரத்துக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எட்டுப் பேரும் ஒரே வண்டியில் ஏற வேண்டும். பல வீடுகளில் அதற்கு இன்றும் கை கொடுப்பது பழைய 'டாட்டா சுமோ'. 1994-ல் விற்பனைக்கு வந்த வண்டி. 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டது.

"புகை கக்குகிறது, சூடாகிறது, டீசல் குடிக்கிறது" என்று சொந்தக்காரர்கள் புலம்புகிறார்கள். குறை வண்டியிடமா, கவனிப்பிடமா?

புகையே நோயைச் சொல்லிவிடும். கரும்புகை என்றால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் கெட்டிருக்கலாம். நீலப் புகை என்றால், என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படியே ஓட்டினால் என்ஜினே போய்விடும்!

சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறினால், ஓரமாக நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சொந்த வண்டிக்கு 15 ஆண்டு ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. அந்தச் சோதனைக்கு மட்டும் வண்டியைச் சரிசெய்தால் போதுமா? தினமும் அதில் ஏறுவது உங்கள் பிள்ளைகள் அல்லவா?

தறியில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் அப்போதே நிறுத்தி அதை முடிந்துவிடுகிறார். "சேலை முடியட்டும், பார்க்கலாம்" என்று விடுவதில்லை. வண்டிக்கும் அந்தப் புத்தி வேண்டும். சின்னச் செலவில் தீரும் கோளாறைத் தள்ளிப் போட்டுவிட்டு, வண்டியைத் திட்டுவது நியாயம் அல்ல!