கரும்பலகை தெரியாத கண்கள்

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?" என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. காலம் கடந்து செய்யும் எந்தக் காரியத்துக்கும் இதை எடுத்துச் சொல்வார்கள். ஆனால் கண்ணைப் பற்றியே இதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பள்ளி செல்லும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது என் கருத்து. என் வீட்டில் நடந்ததைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

எனக்கு மூன்று வயது மூத்த அண்ணன் உண்டு. உயரமானவர் என்பதால் பள்ளியில் எப்போதும் கடைசி பெஞ்சு. கணக்குகளைப் பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்தே எழுதுவார். "பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதக்கூடத் தெரியாத மண்டு" என்று பெயர் வாங்கினார். வீட்டில் டி.வி.க்கு முன்னால் போய் உட்காருவார். "கிட்ட உட்காராதடா, கண்ணு கெட்டுப் போயிடும்" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பார். கண் தெரியாததால்தான் கிட்ட உட்காருகிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தோற்றார். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அப்பா லாரிப் பட்டறையில் சேர்த்துவிட்டார்.

சென்ற ஆண்டு, சரக்கு வண்டி ஓட்டும் உரிமத்துக்காக மருத்துவச் சான்று வாங்கப் போனபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இரு கண்களிலும் கிட்டப்பார்வை, பவர் இரண்டரை. கண்ணாடி போட்ட அன்று, தொலைவில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டினார். அதுவரை பஸ்ஸின் நிறத்தையும் ஹாரன் சத்தத்தையும் வைத்தே ஏறி வந்திருக்கிறார்! அன்றிரவு என்னிடம் கேட்டார்: "அப்போ மத்த பசங்களுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்துலயே போர்டு தெரிஞ்சுதா புள்ள?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தோழர்களே, அந்தக் கேள்வியைச் சற்றே சிந்தியுங்கள். வயிறு வலித்தால் குழந்தை அழும். கண் மெல்ல மெல்ல மங்கினால் அழாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே குழந்தை வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாம்தான் தேடிச் சென்று பார்க்க வேண்டும்.

கிட்டப்பார்வைக்குப் படம் வரைந்து, குழிலென்சு போட்டுத் திருத்தி, பத்தாம் வகுப்பிலேயே மதிப்பெண் வாங்கியவள் நான். அப்போதும் அண்ணன் நினைவுக்கு வரவில்லை. இந்த ஆண்டு ஒளியியல் வகுப்பில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பவர் இரண்டரை என்றால் நாற்பது சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. பள்ளி நாளில் குறை ஒன்றாகவே இருந்திருந்தாலும் ஒரு மீட்டர்தான். முதல் பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் இடையிலேயே இரண்டு மீட்டர் இருக்குமே!

இதைவிடக் கொடிய குறை ஒன்றும் உண்டு. ஒரு கண் நன்றாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருந்தால், மூளை மங்கிய கண்ணைப் புறக்கணித்துவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுகொண்டால் கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைப்பதாலும் சீராக்கலாம். வயது ஏற ஏறச் சீராக்குவது கடினம்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்கிறது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-லேயே தொடங்கியது. பதினெட்டு வயது வரையிலான சிறாருக்கு உடற்பரிசோதனை செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2013-ல் வந்தது. நம் மாநிலத்தின் 'கண்ணொளி காப்போம்' திட்டம் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்குகிறது.

பின் என் அண்ணன் எப்படித் தப்பினார்? அவர் பள்ளிக்கும் ஒரு முறை பரிசோதிக்க வந்தார்கள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டாராம்! காரணம் கேட்டேன். "சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்களே" என்றார். பெண் குழந்தைகள் நிலை இன்னும் மோசம். கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை அமையாது என்று, கொடுத்த கண்ணாடியைப் பெட்டியில் பூட்டி வைக்கும் பெற்றோரை எங்கள் தெருவிலேயே காண்கிறேன். ஆகவே பரிசோதனை ஆண்டுதோறும் நடக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். கொடுத்த கண்ணாடியைப் பிள்ளை அணிகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் அமைத்த எழுத்து அட்டை இன்றும் பயன்படுகிறது. ஓர் அட்டை, ஆறு மீட்டர் கயிறு, நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கருவேல முள் வெட்டுகிறோம், கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம். அந்த ஏழு நாளில் ஒரு நாளை அவ்வூர்ப் பள்ளிக்குக் கொடுத்தால் என்ன? நாம் மருத்துவர்கள் அல்லவே என்று சிலர் தயங்கலாம். சல்லடை போட்டுப் பிரிப்பது மட்டுமே நம் வேலை. கண் மருத்துவ உதவியாளரிடம் ஒரு நாள் பயிற்சி பெற்று, படிக்கத் திணறும் பிள்ளைகளின் பட்டியலை அவரிடமே ஒப்படைக்கலாம். பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நமக்கு முன்னே படிப்பை விட்ட அண்ணனோ அக்காவோ பல வீடுகளில் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்குப் படிப்பு ஏறவில்லை, எத்தனை பேருக்குப் பலகையே தெரியவில்லை என்பதை இனி யாரும் கண்டறிய முடியாது. இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நிலை வராமல் செய்ய நம்மால் முடியும். வரும் முகாமிலேயே தொடங்குவோம்.

— மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்